முப்பது வோல்ட்டும் மூன்று வோல்ட்டும்

நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருநாள் கதவைத் திறந்துவைத்துப் பொதுமக்களை உள்ளே அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மற்றவர்கள் நுண்ணோக்கியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றபோது அவர் மட்டும் என் மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த மரபணுச் சோதனை அறிக்கை. "சார், என் பையனுக்கு ஏழு வயசு. ஆறு மாசத்துல காய்ச்சலோட வந்த ஃபிட்ஸ் இன்னும் நிக்கல. இதுல ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்குன்னு போட்டிருக்காம். அதுதான் காரணமான்னு கேட்டா, சொல்ல முடியாதுங்கறாங்க. நீங்க ஈயை வச்சு ஃபிட்ஸைப் பத்திப் படிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன்" என்றார்.

அறிக்கையை வாங்கிப் படித்தேன். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பெயர். அதற்கு எதிரே, இந்த மாற்றத்தால் நோய் வருமா வராதா என்பது உறுதிப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அவர் எத்தனை பேருந்து மாறி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் என்பதை அந்தத் தாளின் மடிப்புகளே சொல்லின. அன்று அவருக்கு நான் அவசரத்தில் சொன்னது போதாது. அதைத்தான் இன்று நிதானமாக உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் எந்த ஈ என்று சொல்லிவிடுகிறேன். மா, கொய்யா வைத்திருப்பவர்கள் பழ ஈ என்றதும் காய்க்குள் முட்டையிட்டுப் புழு வைக்கும் ஈயை நினைப்பீர்கள். அது வேறு குடும்பம். நான் சொல்வது, வாழைப்பழம் கனிந்து தோல் கறுக்கும்போது கூடையைச் சுற்றிப் பறக்கும், மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள, சிவந்த கண்களையுடைய சின்ன ஈ. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்று அறிவியல் பெயர். பழம் புளிக்கும்போது அதில் வளரும் ஈஸ்ட்டைத் தின்று வாழ்வது.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் இந்த ஈயைப் பால் புட்டிகளில் வளர்த்தார். 1910-இல் செங்கண் கூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈ அவர் கண்ணில் பட்டது. அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்துத்தான் மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்று நிறுவினார்கள். ஈக்கு நான்கே சோடி குரோமோசோம்கள். 25 டிகிரி வெப்பத்தில் வைத்தால் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும். ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தீனிச் செலவும் சொற்பம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு டிரோசோபிலா சேமிப்பு மையம் இருக்கிறது. அங்கே ரவையும் வெல்லமும் அகரும் சேர்த்துக் காய்ச்சித்தான் ஈக்குத் தீனி போடுவார்கள். குப்பியின் பஞ்சை எடுத்தால் ஆறிப்போன கேசரியும் புளித்த மாவும் கலந்தது போல ஒரு வாசம் வரும். முப்பது வருடம் அந்த வாசத்தில் இருந்தவன் நான். இன்றும் வீட்டில் கேசரி கிண்டினால் கை தானாகக் குப்பியைத் தேடும்.

சரி, ஈக்கு வலிப்பு வருமா? வரும். நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

ஆய்வகங்களில் திரவங்களைக் குலுக்கிக் கலக்க ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். ஈக்கள் உள்ள குப்பியை அதன்மேல் பத்து விநாடி வைத்து அதிரவிடுவோம். சாதாரண ஈக்கள் தடுமாறி எழுந்து உடனே சுவரில் ஏறத் தொடங்கிவிடும். சில வகை ஈக்கள் ஏறாது. மல்லாந்து விழும், இறக்கை படபடக்கும், கால்கள் வெட்டும், வயிறு வளையும். பிறகு எல்லாம் நின்று செத்ததுபோல் கிடக்கும். ஒரு நிமிடமோ கொஞ்சம் கூடவோ கழித்து மறுபடி ஒரு துடிப்பு. அதன்பின் மெல்லப் புரண்டு, கால் ஊன்றி, தலையைத் துடைத்துக்கொண்டு நடக்கும். உடனே மறுபடி குலுக்கினால் கொஞ்ச நேரத்துக்கு வலிப்பு வராது. வீட்டில் வலிப்புக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த வரிசையை அடையாளம் கண்டுகொள்வார்கள்: வெட்டு, அடங்கல், மயக்கம், களைப்பு.

இந்த ஈக்கள் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சர் நடத்திய ஆய்வகத்தோடு சேர்ந்தவை. பென்சர் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். ஓர் உயிரின் நடத்தையை மரபணு மரபணுவாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நம்பியவர். தட்டினால் விழும் இந்த ஈக்களுக்கு 'எளிதில் அதிர்வது', 'தட்டினால் நினைவிழப்பது' என்ற பொருளில் பெயர்கள் வந்தன. பிற்பாடு இன்னொன்றுக்கு 'ஸ்லாம்டான்ஸ்' என்று பெயர். ஒவ்வொன்றிலும் பழுதானது வேறு வேறு மரபணு. ஒன்றில் நரம்பணுவின் மின் வாயில் பழுது. ஒன்றில் செல்லின் கொழுப்புச் சவ்வைக் கட்டும் என்சைம் பழுது. ஒன்றில் மைட்டோகாண்டிரியாவுக்குள் புரதம் செய்யும் உறுப்பு பழுது. விழுவதோ எல்லாம் ஒரேபோல. வலிப்பு என்ற ஒரே பெயரில் எத்தனை நோய்களை நாம் அடைத்து வைத்திருக்கிறோம் என்பதை இந்த ஈக்களின் குப்பிகள் அடுக்கிய அலமாரிக்கு முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இனி நான் சொல்லப்போவதற்குத்தான் இந்த உரைக்கு அப்படி ஒரு தலைப்பு வைத்தேன்.

பெர்க்லியில் மார்க் டனோயே என்ற ஆய்வாளர் குலுக்குவதோடு நிற்கவில்லை. ஈயை மெழுகில் பதித்து, மயிரிழையிலும் மெல்லிய மின்முனைகளை அதன் மூளைக்குள் செலுத்தி, சிறு மின் துடிப்புகளைக் கொடுத்தார். பறக்கும் தசையிலிருந்து வரும் பதிலைப் பதிவு செய்தார். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் மூளை தறிகெட்டு ஓடத் தொடங்கும். அந்த இடம்தான் அந்த ஈயின் வலிப்பு வரம்பு. 'தட்டினால் நினைவிழக்கும்' ஈக்கு அது சுமார் 3 வோல்ட். ஸ்லாம்டான்ஸுக்குச் சுமார் 6. எந்தக் குறையும் இல்லாத ஈக்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 30.

இந்த 30 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறையில்லாத ஈக்கும் வலிப்பு வருகிறது. வரம்பு உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மனிதருக்கும் இதே கதைதான். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் மனநோய்க்கு மின்னதிர்வு சிகிச்சை தொடங்கினார்கள். வலிப்பு நோயே இல்லாதவர்களின் மூளையிலும் மின்சாரத்தால் வலிப்பை வரவழைக்க முடியும் என்பதுதான் அந்தச் சிகிச்சைக்கே அடிப்படை. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவர் மூளைக்கும் ஒரு வரம்பு உண்டு, எனக்கும் உண்டு. நெல்வயலுக்குக் கட்டும் வரப்பும் இந்த வரம்பும் ஒரே சொல்தானே. உயர்ந்த வரப்புள்ள வயலில் பெருமழைக்கும் தண்ணீர் நிற்கும். தாழ்ந்த வரப்பில் ஒரு தூறலுக்கே வழிந்துவிடும். நிலம் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுவார். உடனே யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். ஒருவர் இரும்புக் கரண்டியோடு ஓடிவருவார். பெரியவர்கள் எங்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். அவரைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைத்தார்கள். மறைத்தது தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். சட்டமும் அன்று அந்தப் பக்கம்தான் நின்றது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தகுதிக் குறைவாக எழுதியிருந்த வலிப்பு என்ற சொல்லை 1999-இல்தான் நீக்கினார்கள். மூன்று வோல்ட்டுக்கும் முப்பது வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக அந்த அக்கா ஒரு வாழ்க்கையை இழந்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

சாவி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இரும்பால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாக அடங்குபவை. சாவி கொடுத்த நேரமும் அடங்கிய நேரமும் ஒத்துப்போகும், அதனால் நம்பிக்கை வளரும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

வரம்பைத் தாழ்த்துவது எது? இங்கேதான் எஸ்சிஎன்1ஏ வருகிறது.

நரம்பணுக்கள் மின்சாரத்தால் பேசுகின்றன. அந்த மின்சாரத்தைத் தொடங்கிவைப்பது செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள். ஏரி மதகு மாதிரி. திறந்தால் சோடியம் அயனிகள் பாய்ந்து உள்ளே வரும், சமிக்ஞை ஓடும். ஓரிரு மில்லி விநாடியில் மதகு தானாகச் சாத்திக்கொள்ளவேண்டும். திறக்காமல் போனாலும் சிக்கல், சாத்தாமல் போனாலும் சிக்கல்.

ஈயின் மதகு கண்டுபிடிக்கப்பட்ட கதை கனடாவில் தொடங்குகிறது. 1971-இல் வான்கூவரில் டேவிட் சுசூகியும் அவர் கூட்டாளிகளும் ஒரு விசித்திரமான ஈயைப் பற்றி எழுதினார்கள். 29 டிகிரிக்குச் சூடாக்கினால் அது அப்படியே முடங்கி விழும், 22 டிகிரிக்கு இறக்கினால் உடனே எழுந்து நடக்கும். 'பாராலிடிக்' என்று பெயரிட்டு, சுருக்கமாகப் 'பாரா' என்றார்கள். அது ஏன் விழுகிறது என்று நரம்புக்குள் மின்முனை வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திகி. பிறகு பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கியவரும் அவரே. அவரும் பென்சரும் சேர்ந்து 1976-இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பத்தில் முடங்கும் ஈக்களின் நரம்பு எங்கே தடைபடுகிறது என்று அளந்து காட்டியது. 1989-இல் விஸ்கான்சினில் பாரி கனெட்ஸ்கியின் குழு பாரா மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தது. அது சோடியம் வாயிலுக்கான மரபணு. மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் ஒன்பது மரபணுக்கள். ஈயிடம் இது ஒன்றே ஒன்று. அந்த அம்மாவின் தாளில் எழுதியிருந்த எஸ்சிஎன்1ஏ, பாராவின் உறவுக்காரன்.

'தட்டினால் நினைவிழக்கும்' ஈயிடம் என்ன பழுது என்று பல ஆண்டுகள் தேடி, 2011-இல் டனோயேயின் குழு விடை சொன்னது. அதுவும் பாராதான்! சுமார் 2000 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில் 1699-ஆம் இடத்தில் லூசின் இருக்கவேண்டிய இடத்தில் ஃபீனைல்அலனின். அந்த ஒரு மாற்றத்தால் மதகு சாத்திக்கொள்ளத் தயங்குகிறது. சுசூகியின் ஈயில் பாரா வேலை செய்யாமல் முடங்கியது, இதில் பாரா அதிகமாக வேலை செய்து வலிப்பு வருகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கனெட்ஸ்கியும் சுன்-ஃபாங் வூவும் 1982-இல் சொன்னது. வலிப்பு வரும் ஈயோடு, நரம்பின் சமிக்ஞை மட்டுப்பட்ட இன்னொரு வகை ஈயை இணைசேர்த்தார்கள். இரண்டு குறையும் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளை ஈக்களில் வலிப்பு அடங்கியது. ஒரு குறை இன்னொரு குறையைச் சரிக்கட்டியது. டனோயேயின் குழு பிறகு இப்படிப்பட்ட 'அடக்கும்' மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது. சிலவற்றுக்கு நரம்போடு தொடர்பே இருக்கும் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸ் என்ற என்சைமின் மரபணு அப்படிச் சிக்கியது. அந்த என்சைமைத் தடுக்கும் மருந்துகளை ஈக்குத் தீனியோடு கொடுத்தபோதும் வலிப்பு குறைந்தது. அது புற்றுநோய் மருந்துகளின் வகை, மனிதருக்கு வலிப்புக்காகக் கொடுப்பதில்லை. ஆனாலும் எந்தத் திசையில் தேடலாம் என்று ஓர் ஈ கைகாட்டியது. மனிதக் குடும்பங்களில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. ஒரே மரபணு மாற்றம் உள்ள அண்ணனுக்கு வலிப்பு வருகிறது, தம்பிக்கு வரவில்லை என்றால், தம்பியைக் காக்கும் இன்னொரு மரபணு எது என்று இரண்டு பேரை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி? ஈயிடம் பத்தாயிரம் தம்பிகள் இருக்கிறார்கள்.

மருந்துகளுக்கு வருகிறேன். வலிப்புக்கு முதன்முதலில் பலன் தந்த மருந்து பொட்டாசியம் புரோமைடு. 1857-இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர் அதைப் பற்றிச் சொன்னார். சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2004-இல் சிங்கப்பூரில் அதே புரோமைடை 'தட்டினால் நினைவிழக்கும்' ஈக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈக்கும் குணம் தெரிந்தது. வால்ப்ரோயேட், ஃபெனிடோயின், காபாபென்டின் மூன்றும் வெவ்வேறு ஈ வகைகளில் பலன் தந்தன. ஃபெனிடோயின் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது, எப்டாயின் என்றால் தெரியும். தர்மபுரி ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதும் மாத்திரை மூன்று மில்லிமீட்டர் ஈக்குள் போய் அதே மதகில் வேலை செய்கிறது. அறுபது கோடி ஆண்டுக்கு முன் பிரிந்த இரண்டு வம்சங்கள் அந்த மதகை மட்டும் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கின்றன.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். சரியான மருந்து தொடர்ந்து கிடைத்தால் 100-இல் 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம். இது பெரிய ஆறுதல், மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்வதற்கு இந்த எண் போதும். ஆனால் மீதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்குவதில்லை. அந்தப் பையன் அந்தப் பங்கில் இருந்தான். நம் கையில் இருக்கும் ஈக்களிலும் மருந்துக்கு மிகக் கடினமாக மசிவது அந்த 3 வோல்ட் ஈதான். அடங்காத வலிப்புக்கு மாதிரியாக அதையே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காய்ச்சல் வலிப்புக்கு வருவோம். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. சில மாற்றங்களால் காய்ச்சலோடு வரும், வளர வளரப் பெரும்பாலும் கட்டுக்குள் வரும் வலிப்பு. சிலவற்றால் டிராவே நோய். ஷார்லோட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978-இல் அதை விவரித்தார். முதல் வயதுக்குள் காய்ச்சலோடு தொடங்கும், நீண்ட நேரம் நீடிக்கும், பிறகு பேச்சும் நடையும் பிந்தும். இந்தக் குழந்தைகளுக்கு எப்டாயின், கார்பமசெபின் போன்ற சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகள் வலிப்பைக் கூட்டவே செய்யும். மதகை அடைத்தால் வலிப்பு குறையவேண்டும்தானே, ஏன் கூடுகிறது?

ஏரிக்கரையில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த மடைக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது நிறுத்துவது என்று பார்ப்பவர். மூளையிலும் அப்படி அடக்கும் நரம்பணுக்கள் உண்டு. காபா என்ற வேதிப்பொருளை விட்டு மற்றவற்றை அமைதிப்படுத்துபவை. எஸ்சிஎன்1ஏ மதகு முக்கியமாக இருப்பது அந்த நீர்பாய்ச்சிகளிடம்தான். அங்கே பழுதானால் அடக்குபவர் அயர்ந்து போகிறார், மற்றவை கட்டுமீறுகின்றன. அந்த நிலையில் சோடியம் வாயிலை மேலும் அடைப்பது, தூங்குகிற காவலருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது போல.

கலிபோர்னியா அர்வைனில் டயான் ஓடவுடும் பிரௌன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரீனனும் சேர்ந்து, மனிதக் குடும்பம் ஒன்றில் கண்ட மாற்றத்தை அப்படியே ஈயின் பாரா மரபணுவில் எழுதினார்கள். மனிதப் புரதத்தின் 1270-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின். 2012-இல் வெளியான வேலை. அந்த ஈ சாதாரண வெப்பத்தில் நன்றாக இருந்தது. 40 டிகிரிக்கு ஏற்றினால் வலிப்பு வந்தது. காய்ச்சல் வலிப்பை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து டிராவே நோய்க் குழந்தையிடம் கண்ட இன்னொரு மாற்றத்தை எழுதினார்கள். 39 இடம் தள்ளி, 1231-இல் செரினுக்குப் பதில் ஆர்ஜினின். இந்த ஈக்கு இன்னும் குறைந்த வெப்பத்திலேயே வலிப்பு வந்தது, சூடாக்காமலேயும் வந்தது. முதல் ஈயின் அடக்கும் நரம்பணுக்களில் வெப்பம் ஏறும்போது சோடியம் மின்னோட்டம் கூடுகிறது. இரண்டாவதில் எப்போதும் குறைவு, வெப்பத்தில் இன்னும் குறைவு. ஒன்றில் மிகுதி, ஒன்றில் பற்றாக்குறை, இரண்டிலும் நீர்பாய்ச்சி வேலையை விட்டுவிடுகிறார். பிறகு இரண்டு ஈக்களுக்கும் செரடோனினாக மாறும் 5-எச்டிபி என்ற பொருளைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். முதல் ஈயின் வெப்ப வலிப்பு அடங்கியது. இரண்டாவதுக்கு எந்தப் பலனும் இல்லை.

ஒரே மரபணு. 39 இடம் தள்ளி ஒரு மாற்றம். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு மருந்தாகவில்லை. அறிக்கையில் மரபணுவின் பெயரைப் படிப்பது தெருப் பெயரைப் படிப்பதுபோல. எந்த வீடு, கதவு திறந்து கிடக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று தெரியாமல் மருந்து எழுதமுடியாது.

மாணவர்கள் இருக்கிறீர்கள், ஆகவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈ சொல்வதை அப்படியே மனிதருக்கு எடுத்துவைக்கக்கூடாது. ஃபென்ஃப்ளூரமின் என்று ஒரு மருந்து. உடல் எடையைக் குறைக்கக் கொடுத்தார்கள், இதய வால்வைக் கெடுப்பதால் 1997-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதையே சிறிய அளவில், இதயத்தைக் கவனித்துக்கொண்டே, டிராவே குழந்தைகளுக்குக் கொடுக்க அங்கே 2020-இல் அனுமதி வந்தது. அது செரடோனின் வழியாக வேலை செய்யும் மருந்து, பல குழந்தைகளுக்கு வலிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. டிராவே ஈயோ 5-எச்டிபிக்கு அசையவில்லை. செரடோனினைத் தொடும் வழி ஒன்றல்ல, ஈ மூளையும் குழந்தை மூளையும் ஒன்றல்ல. 2024-இல் ஒரு பெண் ஈயின் மூளை முழுவதையும் இழை இழையாக வரைந்து முடித்தார்கள். அதில் 139,255 நரம்பணுக்கள். நம்முடையதில் பல ஆயிரம் கோடி. ஈக்கு ஹிப்போகாம்பஸ் இல்லை, பெருமூளைப் புறணி இல்லை. நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை உணவு வழியாக உள்ளே போய் மூளையில் கட்டி வைப்பதால் வலிப்பு வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஈயால் ஆவது குறைவு, கழிப்பறையும் சுத்தமான கீரையும்தான் ஆகும். எனக்கு என் ஈக்கள்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மான்செஸ்டரில் ரிச்சர்ட் பெயின்ஸும் கார்லோ ஜியாகெல்லோவும் 2015-இல் செய்தது என் மனத்தை விட்டுப் போகாத சோதனை. ஈயின் முட்டைக்குள் கரு ஏறத்தாழ ஒரு நாள் வளரும். அதில் 17-ஆம் மணியிலிருந்து 19-ஆம் மணிவரை மட்டும் நரம்புகளை ஒளியால் தூண்டி அளவுக்குமீறி வேலை செய்ய வைத்தார்கள். எந்த மரபணுக் குறையும் இல்லாத அந்தக் கரு, பிறகு வளர்ந்த புழுவாக வலிப்புக்கு ஆளானது. வலிப்பு மரபணு உள்ள கருவின் நரம்புகளை அதே இரண்டு மணி நேரம் அமைதிப்படுத்தியபோது, புழு வளர்ந்தபின் வலிப்பு குறைந்தது. மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும்போது எந்த அளவு சத்தம் சரி என்று ஒரு முறை பழகிக்கொள்கிறது போலும். இதைக் கேட்டு எந்தக் கர்ப்பிணியும் தானாக மருந்து எடுக்கவும் கூடாது, எடுப்பதை நிறுத்தவும் கூடாது. வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பது நன்கு தெரிந்த செய்தி, நிறுத்தினால் தாய்க்கு வலிப்பு வரும் என்பதும் அப்படியே. நரம்பியல் மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசவேண்டிய விஷயம் அது.

இனி அந்த அம்மாவின் தாளுக்கு வருகிறேன். 'உறுதிப்படவில்லை' என்ற அந்த வரி உலகெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கையில் இருக்கிறது. டெக்சாஸ் ஹியூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹியூகோ பெல்லன் நடத்தும் ஆய்வகம் இந்த வரிக்கு விடை தேடுவதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டது. நோய் என்னவென்று பிடிபடாத குழந்தைகளின் மரபணு மாற்றங்கள் அங்கே போகும். ஈயின் மரபணுவை அகற்றிவிட்டு அந்த இடத்தில் மனித மரபணுவை வைப்பார்கள். ஒரு குப்பியில் பழுதில்லாத மனித மரபணு, அடுத்த குப்பியில் அந்தக் குழந்தையின் மாற்றம் உள்ள மரபணு. முதல் குப்பியின் ஈ பிழைத்து நன்றாக நடந்து, இரண்டாவது நடக்காவிட்டால் அந்த எழுத்துதான் குற்றவாளி. இரண்டும் ஒன்றுபோல் நடந்தால் வேறு இடத்தில் தேடவேண்டும். எல்லா மரபணுவுக்கும் இது பலிக்காது. பலிக்கும் இடங்களில் சில மாதங்களில் விடை வருகிறது.

இதில் கொஞ்சத்தை அன்று அந்த அம்மாவிடம் பாதி தமிழிலும் பாதி கையசைவிலுமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நுண்ணோக்கிப் பக்கம் கூட்டம் குறைந்ததும் போய்க் குனிந்து பார்த்தார். குப்பியைக் குலுக்கிக் காட்டினேன். ஈ விழுந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை விநாடி என்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார், வீட்டில் எண்ணிப் பழகியவர். அது புரண்டு எழுந்தபோது எண்ணுவதை நிறுத்தினார்.

நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். தட்டுத் தட்டாகக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய எழுத்தும் எண்ணும். அந்தப் பிளாஸ்டிக் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதுல என் பையனோடது எதுங்க சார்?"

இல்லை என்றேன். அவன் எழுத்துக்கு இன்னும் யாரும் ஈ வளர்க்கவில்லை. அறிக்கையிலிருந்த அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவரே உறையைப் பிரித்து, தாளை மேசைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார்.